ஜாவாவில் மேப்: வடசென்னைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று வடசென்னையின் பல பக்கங்களிலிருந்து வந்து என்னிடம் ஜாவா நிரல்மொழி படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். லிஸ்ட், லூப் வரைக்கும் வேகமாக வந்தவர்கள்கூட மேப் வந்ததும் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில், உச்சரிக்கும்படியே எழுதியிருக்கிறேன்.

படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் வரும் தலைவலிகளில் முக்கால்வாசி, கீ (தேடுவதற்கான அடையாளம்) எது என்று முடிவு செய்த இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

அக்கா, மேப்னா என்ன? லிஸ்ட்லயே எல்லாத்தையும் போட்டா ஆகாதா?

போடலாம். தேடும்போதுதான் கஷ்டம் தெரியும். ரயில்வேயில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. பெரம்பூருக்கு பி.ஈ.ஆர்., பேசின் பிரிட்ஜுக்கு பி.பி.க்யூ., ராயபுரத்துக்கு ஆர்.பி.எம். இவற்றை லிஸ்டில் வைத்தால், பி.பி.க்யூ. எந்த நிலையம் என்று கேட்கும்போது முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நிலையங்கள் கூடக் கூட நேரமும் கூடும்.

மேப்பில் குறியீடு கீ, நிலையத்தின் பெயர் வேல்யூ. கீயைக் கொடுத்தால் வேல்யூ நேராகக் கையில் வரும். உள்ளே பத்து ஜோடி இருந்தாலும் பத்தாயிரம் ஜோடி இருந்தாலும் ஹேஷ்மேப் என்ற வகை மேப்பில் தேடும் நேரம் சராசரியாக ஒன்றுதான். வரிசை எண்ணை வைத்து எடுப்பதற்கு லிஸ்ட், அடையாளத்தை வைத்து எடுப்பதற்கு மேப்.

புட், கெட் ரெண்டும் தெரிஞ்சா போதுமா?

தொடங்குவதற்குப் போதும். புட் ஒரு ஜோடியை மேப்பில் போடும், கெட் கீயை வாங்கிக்கொண்டு வேல்யூவைத் தரும். ஆனால் புட் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஏற்கெனவே இருக்கும் கீயை மறுபடி புட் செய்தால் எரர் எதுவும் வராது. பழைய வேல்யூ சத்தமில்லாமல் போய், புதியது வந்து உட்காரும். போன வேல்யூவைப் புட் திருப்பித் தரும், யாரும் அதை வாங்கிப் பார்ப்பதில்லை. காசிமேட்டில் காலையில் வஞ்சிரத்துக்கு ஒரு விலை போட்டு, மதியம் வேறு விலை போட்டால், மேப்பில் மதிய விலை மட்டும்தான் இருக்கும்.

பழையதை அழிக்கக் கூடாது என்றால் புட்இஃப்ஆப்சென்ட் இருக்கிறது. எண்ணிக்கை கூட்ட வேண்டுமென்றால் மெர்ஜ். எந்த மீன் எத்தனை கூடை வந்தது என்று கணக்குப் போட, கெட் செய்து, நல் (எதுவும் இல்லை என்பதற்கான சொல்) வந்ததா என்று பார்த்து, ஒன்று கூட்டி, திரும்பப் புட் செய்யும் நாலு வரி வேலையை மெர்ஜ் ஒரே வரியில் முடித்துவிடும். 2014இல் வந்த ஜாவா 8இலிருந்து இவை இருக்கின்றன. பழைய பாடக் குறிப்புகளில் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

இடது பக்கம் மேப்னு எழுதுறீங்க, வலது பக்கம் ஹேஷ்மேப்னு எழுதுறீங்க. ஏன் ரெண்டு பேரு?

மேப் என்பது இன்டர்ஃபேஸ். என்னென்ன செய்யலாம் என்பதை மட்டும் அது சொல்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதை ஹேஷ்மேப், ட்ரீமேப், லிங்க்ட்ஹேஷ்மேப் ஆகிய கிளாஸ்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்திருக்கின்றன. மாறியின் வகையையும் மெத்தடின் அளவுருவையும் மேப் என்றே அறிவித்தால், நாளைக்கு வேறு வகை தேவைப்படும்போது நியூ என்று எழுதிய ஒரே இடத்தை மாற்றினால் போதும். பொருள்சார் நிரலாக்கத்தில் இன்டர்ஃபேஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணமே இதுதான்.

கெட் பண்ணா நல் வருது. கீ இல்லையா, இல்ல வேல்யூவே நல்-ஆ?

ஹேஷ்மேப்பில் இரண்டுக்குமே நல்தான் வரும். நல்லை வேல்யூவாக வைக்க ஹேஷ்மேப் அனுமதிக்கிறது, கீயாகவும் ஒரு நல்லை ஏற்கிறது. சந்தேகம் இருந்தால் கன்டெய்ன்ஸ்கீயைக் கேட்க வேண்டும். என் அறிவுரை, நல்லை வேல்யூவாக வைக்கவே வைக்காதீர்கள். அப்போது நல் வந்தாலே கீ இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. வேல்யூ இன்டிஜர் வகையாக இருந்து, கெட் தந்ததை நேராக ஒரு இன்ட் மாறியில் போட்டால், கீ இல்லாத அன்றைக்கு நல்பாயின்டர் எக்செப்ஷன் விழும். வரியில் புள்ளி வைத்து எதையும் கூப்பிடவில்லையே என்று பிள்ளைகள் குழம்புவார்கள். இன்டிஜர் ஆப்ஜெக்டிலிருந்து இன்ட் எடுக்கும் வேலை பின்னால் தானாக நடக்கிறது, அங்கேதான் அது விழுகிறது. கெட்ஆர்டீஃபால்ட் பயன்படுத்தி, இல்லாவிட்டால் 0 கொடு என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

பின்கோடு போட்டுத் தேடறேன். கண்ணு முன்னாடி இருக்கு, கெட் பண்ணா இல்லங்குது!

எண்ணுக்குப் பின்னால் எல் எழுத்து இருக்கிறதா, அல்லது மாறி லாங் வகையா என்று பாருங்கள். மேப்பின் கீ இன்டிஜர் என்று அறிவித்துவிட்டு, லாங் வகை 600013ஐக் கொடுத்துக் கெட் செய்தால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ஏனென்றால் கெட் எந்த ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் இன்டிஜர் 600013உம் லாங் 600013உம், இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடின் கணக்கில் வேறு வேறு. நல்தான் வரும்.

உள்ள என்னதான் நடக்குது? ஹேஷ்னு சொல்றாங்க, பக்கெட்னு சொல்றாங்க.

பின்கோட்டை வைத்தே இதைச் சொல்லலாம். தபால் பிரிப்பவர் முழு முகவரியையும் முதலில் படிப்பதில்லை. 600013 என்றால் ராயபுரம், 600011 என்றால் பெரம்பூர், 600039 என்றால் வியாசர்பாடி என்று எண்ணைப் பார்த்துப் பெட்டியில் போடுகிறார். முழு முகவரியை அப்புறம் அந்தப் பெட்டிக்குள் பார்க்கிறார்கள். ஹேஷ்மேப்பும் அப்படித்தான். கீயிடம் ஹேஷ்கோட் கேட்டு ஒரு எண் வாங்கி, அதை வைத்து எந்தப் பக்கெட் என்று முடிவு செய்கிறது. அந்தப் பக்கெட்டுக்குள் இருப்பவற்றோடு மட்டும் ஈக்வல்ஸ் போட்டு, இதுதானா என்று உறுதி செய்கிறது. முதலில் ஹேஷ்கோட், பிறகு ஈக்வல்ஸ். இந்த இரண்டு படியும் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஒன்றும் சொல்லாமல் உருவாக்கிய ஹேஷ்மேப், முதல் புட்டின்போது 16 பக்கெட்டோடு தொடங்கும். நிரம்பும் அளவு 0.75. அதாவது 12 ஜோடிகளைத் தாண்டியதும் பக்கெட்டுகள் 32 ஆகும், உள்ளே இருப்பவை மறுபடி பிரித்து அடுக்கப்படும். ஆயிரக்கணக்கில் போடப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால் தொடக்க அளவைப் பெரிதாகக் கொடுக்கலாம். சின்ன நிரல்களில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ரெண்டு வேற கீக்கு ஒரே ஹேஷ் வந்தா டேட்டா அழிஞ்சிடுமா?

அழியாது. 600021 என்ற ஒரே பின்கோட்டில் வண்ணாரப்பேட்டையும் இருக்கிறது, கொருக்குப்பேட்டையும் இருக்கிறது. அதனால் கடிதம் தொலைவதில்லையே. ஒரே பக்கெட்டில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், எது எது என்பதை ஈக்வல்ஸ் பிரித்துச் சொல்லும்.

இதைத் தமிழ் எழுத்திலேயே செய்து பார்க்கலாம். ஸ்ட்ரிங்கின் ஹேஷ்கோட், அதுவரை வந்த எண்ணை 31ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் யூனிகோடு எண்ணைக் கூட்டும் கணக்கு. "மை" என்பதில் ம 2990, ஐகாரக் குறி 3016. 2990ஐ 31ஆல் பெருக்கி 3016ஐக் கூட்டினால் 95706. "யன" என்பதில் ய 2991, ன 2985. அதே கணக்கைப் போட்டால் அதே 95706. இரண்டையும் ஒரு மேப்பில் கீயாகப் போட்டுப் பாருங்கள், இரண்டும் பத்திரமாக இருக்கும்.

ஒரே பக்கெட்டில் கூட்டம் சேர்ந்தால் தேடுவது மெதுவாகும். ஜாவா 8க்குப் பிறகு, மொத்தப் பக்கெட்டுகள் குறைந்தது 64 இருக்கும்போது ஒரு பக்கெட்டில் எட்டுக்கு மேல் சேர்ந்தால், உள்ளே இருக்கும் சங்கிலி சமநிலை மரமாக மாறிவிடும். அதனால் மோசமான நிலையிலும் வேகம் முன்பைப் போல விழாது.

நானே எழுதுன கிளாஸை கீயா வெச்சேன். புட் ஆகுது, கெட் பண்ணா கிடைக்கவே மாட்டேங்குது.

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. வீட்டு முகவரிக்கு ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள், உள்ளே தெருப் பெயர், கதவு எண். அதே தெரு, அதே எண்ணோடு இன்னொரு ஆப்ஜெக்டை உருவாக்கிக் கெட் செய்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே வீடு. ஜாவாவுக்கு அப்படி இல்லை. ஈக்வல்ஸையும் ஹேஷ்கோடையும் நீங்கள் எழுதாவிட்டால், ஆப்ஜெக்ட் கிளாஸிலிருந்து வரும் பதிப்பு ஓடும். இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்டா என்பதை மட்டும்தான் அது பார்க்கும்.

சிலர் ஈக்வல்ஸை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மேலே சொன்ன இரண்டு படியில் முதல் படியே ஹேஷ்கோட். அது வேறு எண் தந்தால் அநேகமாகத் தப்பான பக்கெட்டில் தேடும், நீங்கள் எழுதிய ஈக்வல்ஸைக் கூப்பிடவே கூப்பிடாது. விதி இது: ஈக்வல்ஸ் சமம் என்று சொல்லும் இரண்டு ஆப்ஜெக்டுக்கும் ஹேஷ்கோட் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். எதிர்ப்பக்கம் கட்டாயமில்லை, "மை", "யன" அதற்குச் சாட்சி.

ஜாவா 16இலிருந்து ரெக்கார்டு என்ற சுருக்கமான கிளாஸ் வகை முறைப்படி வந்துவிட்டது. முகவரியை ரெக்கார்டாக எழுதினால் ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் இரண்டையும் கம்பைலரே உருவாக்கித் தரும், அதன் புலங்களும் ஃபைனலாக இருக்கும். கீயாக வைக்க ஒரு வகை தேவை என்றால் முதலில் ரெக்கார்டை நினையுங்கள். பழைய ஜாவாவில் வேலை செய்பவர்கள், நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஈயிடம் சொன்னால் இரண்டு மெத்தடையும் அது எழுதித் தரும். ஒரு புலத்தைப் புதிதாகச் சேர்க்கும்போது இரண்டையும் சேர்த்துத் திருத்த மறக்காதீர்கள்.

கீயா போட்ட ஆப்ஜெக்டோட மதிப்ப அப்புறம் மாத்தலாமா?

கூடாது. போட்ட அன்றைக்கு இருந்த ஹேஷ்கோடை வைத்துத்தான் அதற்குப் பக்கெட் ஒதுக்கப்பட்டது. கதவு எண்ணை மாற்றினால் ஹேஷ்கோடும் மாறும், ஆனால் மேப் அதை வேறு பக்கெட்டுக்கு நகர்த்தாது. புதிய எண்ணைக் கொடுத்துத் தேடினால் வேறு இடத்தில் தேடிவிட்டு இல்லை என்று வரும். பழைய எண்ணைக் கொடுத்தால் சரியான பக்கெட்டுக்குப் போகும், அங்கே ஈக்வல்ஸ் பொய்யாகிவிடும். சைஸ் கேட்டால் அந்த ஜோடி எண்ணிக்கையில் இருக்கிறது, அச்சிட்டால் தெரிகிறது, எந்த வழியில் கேட்டாலும் கிடைப்பதில்லை.

ஸ்ட்ரிங், இன்டிஜர், ஈனம் (முன்பே முடிவு செய்த பெயர்களை மட்டும் ஏற்கும் வகை), ரெக்கார்டு என்று மாறாதவற்றையே கீயாக வையுங்கள். ரெக்கார்டுக்குள் ஒரு லிஸ்டை வைத்தால் அந்த லிஸ்ட் மாறக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேல்யூவை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், அதற்கும் பக்கெட்டுக்கும் சம்பந்தமில்லை.

கொருக்குப்பேட்டைன்னு தமிழ்லயே கீ வெச்சேன். அதே பேரத் திரும்ப டைப் பண்ணா இல்லங்குது. தமிழ் கீ வேலை செய்யாதா?

தமிழ் கீ நன்றாக வேலை செய்யும். ஜாவாவின் ஸ்ட்ரிங் யூனிகோடுதான். இங்கே நடப்பது வேறு. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஈக்வல்ஸ் குறி எண்களைத்தான் ஒப்பிடும், அதனால் அதற்கு இவை இரண்டு வேறு சொற்கள். "ஓ", "ஔ" உயிர்மெய்களிலும் இதே கதைதான். ஒரு கீபோர்டில் அடித்ததும் வேறு கோப்பிலிருந்து ஒட்டியதும் கலந்தால் இது வரும். கொருக்குப்பேட்டைக்கும் தொண்டையார்பேட்டைக்கும் வரும், ராயபுரத்துக்கு வராது. அதனால்தான் காரணம் தெரியாமல் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள்.

தீர்வு ஜாவாவிலேயே இருக்கிறது. நார்மலைசர் என்ற கிளாஸில் என்.எஃப்.சி. என்ற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை நீக்கிவிட்டுக் கீயாகப் போடுங்கள். கெட் செய்யும்போதும் அதே இரண்டையும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

அதோடு எழுத்து வழக்கு வேறு இருக்கிறது. ஒருவர் தண்டையார்பேட்டை என்று எழுதுவார், இன்னொருவர் தொண்டையார்பேட்டை. ராயபுரம், இராயபுரம் இரண்டும் புழக்கத்தில் உண்டு. இதை எந்த நார்மலைசரும் சரிசெய்யாது. அதனால் மனிதர்கள் கையால் அடிக்கும் ஊர்ப்பெயரைக் கீயாக வைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. நிலையக் குறியீடு போல ஒரே வடிவம் கொண்ட ஒன்றைக் கீயாக வைத்து, பெயரை வேல்யூவுக்குள் வையுங்கள். பின்கோடு ஒரே ஓர் ஊரை மட்டும் குறிக்கும் கீ ஆகுமா? 600021 ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

அப்போ ஒரே கீக்கு ரெண்டு வேல்யூ வேணும்னா?

வேல்யூவை ஒரு லிஸ்டாக வையுங்கள். 600021 கீ, அதன் வேல்யூ ஊர்ப்பெயர்களின் லிஸ்ட். லிஸ்ட் இல்லையென்றால் உருவாக்கு, பிறகு அதில் சேர் என்பதை கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் ஒரே வரியில் செய்யும். ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது என்றால் லிஸ்டுக்குப் பதில் செட்.

மெட்ரோ ஸ்டேஷனை வரிசையாத்தான் போட்டேன். பிரின்ட் பண்ணா கலைஞ்சு வருது.

ஹேஷ்மேப் வரிசைக்கு எந்த உறுதியும் தருவதில்லை. பக்கெட் எண்ணின்படி வரும், அது ஹேஷ்கோடைப் பொறுத்தது. வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர் என்ற வரிசை மாறாமல் வர வேண்டுமென்றால் லிங்க்ட்ஹேஷ்மேப் போடுங்கள். போட்ட வரிசையை அது நினைவில் வைத்திருக்கும். மாறியை மேப் என்று அறிவித்திருந்தால் மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1, 2, 3 என்று சின்ன எண்களைக் கீயாக வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஹேஷ்மேப் வரிசையாகவே அச்சிடும். இன்டிஜரின் ஹேஷ்கோட் அந்த எண்ணேதான் என்பதால் பக்கெட்டும் அந்த வரிசையில் அமைந்துவிடுகிறது. அதைப் பார்த்து வரிசை வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். ஜாவா 9இல் வந்த மேப்.ஆஃப் இன்னும் தெளிவாகப் புரியவைக்கும். அதன் வரிசை ஒருமுறை ஓட்டும்போது ஒன்றாகவும் மறுமுறை வேறாகவும் வரலாம்.

ட்ரீமேப் எப்போ? அது அகர வரிசையில தருமாமே?

கீக்களை வரிசைப்படுத்தியே வைத்திருக்கும், ஆம். ஆனால் அதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயில் நேரங்களைக் கீயாக வைத்துவிட்டு, இப்போது மணி 6.10, அடுத்த வண்டி எது என்று கேட்டால் சீலிங்என்ட்ரி உடனே சொல்லும். போன வண்டி எது என்றால் ஃப்ளோர்என்ட்ரி. ஹேஷ்மேப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. இந்த வசதிக்காகத் தேடும் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

தமிழ் அகர வரிசைக்கு வந்தால் கவனம் தேவை. ஸ்ட்ரிங் கீக்களை ட்ரீமேப் யூனிகோடு எண் வரிசையில் வைக்கும். யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து இருக்கிறது. ற, ர-வுக்கு அடுத்து இருக்கிறது. வகரம் ல, ள, ழ மூன்றுக்கும் பின்னால் போய்விட்டது. நம் நெடுங்கணக்கு அப்படி இல்லை. சரியான வரிசை வேண்டுமென்றால் ஐசியூ என்ற யூனிகோடு நிரல் நூலகத்தின் கொலேட்டரை (மொழியின் வரிசைப்படி ஒப்பிடும் கிளாஸ்) ட்ரீமேப்புக்குக் கம்பேரட்டராக, அதாவது ஒப்பிடும் விதியாகக் கொடுக்கலாம். ட்ரீமேப் ஈக்வல்ஸையோ ஹேஷ்கோடையோ பார்ப்பதில்லை. கம்பேரட்டர் பூஜ்யம் என்றால் அதற்கு ஒரே கீ.

லூப்ல சுத்திக்கிட்டே ரிமூவ் பண்ணா எரர். சில நேரம் வரவும் மாட்டேங்குது!

மேப்பைச் சுற்றிவரும்போது நடுவில் மேப்பில் நேராக ஒரு ஜோடியைச் சேர்த்தால் அல்லது நீக்கினால் கான்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் வரும். கடைசி ஜோடியில் நிற்கும்போது நீக்கினால், அடுத்த சுற்று இல்லாததால் வராமல் தப்பிவிடும். சோதனையில் ஓடி, உண்மையான தரவில் விழுவது இதனால்தான். என்ட்ரிசெட்டின் மீது ரிமூவ்இஃப் போட்டு நிபந்தனையைக் கொடுத்துவிடுங்கள். இட்டரேட்டரின் சொந்த ரிமூவும் சரி.

எல்லாத்தையும் மேப்லயே வெச்சுக்கலாமே. கிளாஸ் எதுக்கு எழுதணும்?

இந்தக் கேள்வியை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரு மாணவரின் விவரத்தை "பெயர்", "வயது", "ஊர்" என்று ஸ்ட்ரிங் கீக்களாக வைத்து மேப்பில் போடுவது வேகமாகத் தெரியும். ஆனால் "வயது" என்பதை ஓரிடத்தில் "வயசு" என்று அடித்துவிட்டால் கம்பைலர் சொல்லாது. நல் வரும், மேலே சொன்ன பொறியில் எங்கேயோ போய் விழும். பெயர் ஸ்ட்ரிங், வயது எண் என்பதால் வேல்யூவின் வகையை ஆப்ஜெக்ட் என்று போட்டு ஒவ்வொரு முறையும் காஸ்ட் (வகை மாற்றம்) செய்ய வேண்டும். வயது எதிர்மறையாக இருக்கக் கூடாது என்ற விதியை எங்கே எழுதுவீர்கள்? மேப்புக்கு அந்த விதி தெரியாது. கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குத் தெரியும்.

நான் பிரிக்கும் முறை இதுதான். நிரலை எழுதும்போதே பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? அப்படியானால் அவை புலங்கள், கிளாஸ் எழுதுங்கள். நிரல் ஓடும்போதுதான் தெரியவருமா? அப்போது மேப். ஒரு மாணவருக்கு எப்போதும் பெயர், வயது, ஊர் உண்டு, அதனால் கிளாஸ். இன்றைக்குக் காசிமேட்டுக்கு என்னென்ன மீன் வரும் என்று நிரல் எழுதும் நமக்குத் தெரியாது. சங்கரா வரலாம், நெத்திலி வரலாம், கொடுவா வராமலே போகலாம். அதற்கு மேப். இரண்டும் சேர்ந்தும் வரும்: மீனின் குறியீடு கீ, மீன் கிளாஸின் ஆப்ஜெக்ட் வேல்யூ. நல்ல நிரல்களில் பெரும்பாலும் பார்ப்பது இந்த வடிவத்தைத்தான்.

அப்புறம், மேப்பை மெத்தடிலிருந்து மெத்தடுக்குக் கைமாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். விலைப்பட்டியல் என்று ஒரு கிளாஸ் எழுதி, மேப்பை அதற்குள் பிரைவேட்டாக வையுங்கள். வெளியே விலையை மாற்று, விலையைச் சொல் என்ற மெத்தடுகள் மட்டும் தெரியட்டும். கீயை நார்மலைஸ் செய்வது, இல்லாத மீனைக் கேட்டால் என்ன செய்வது, எல்லாமே அந்த ஒரே கிளாஸுக்குள் அடங்கிவிடும்.

அந்த மேப்பை கெட்டர்ல அப்படியே ரிட்டர்ன் பண்ணிட்டா?

பிரைவேட் என்று எழுதியதற்கே பயனில்லாமல் போய்விடும். வாங்கியவர் அதில் கிளியர் என்று கூப்பிட்டால் உங்கள் விலைப்பட்டியலே காலி. கலெக்ஷன்ஸ் கிளாஸின் அன்மாடிஃபையபிள்மேப் மூலம் கொடுத்தால் அவரால் மாற்ற முடியாது, ஆனால் நீங்கள் மாற்றுவது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கணத்தின் நகல் போதுமென்றால் ஜாவா 10இல் வந்த மேப்.காப்பிஆஃப். நல் கீ, நல் வேல்யூ இருந்தால் அது ஏற்காது.

இரண்டிலுமே வேல்யூவாக இருக்கும் ஆப்ஜெக்டுகள் நகலாவதில்லை. வேல்யூ ஒரு லிஸ்டாக இருந்தால் வாங்கியவர் அந்த லிஸ்டில் சேர்க்கலாம், நீக்கலாம்.

நீளமான இஃப்-எல்ஸுக்குப் பதிலா மேப் போடலாம்னு ஒருத்தர் சொன்னார். எப்படி?

வேல்யூவாக எண்ணும் எழுத்தும்தான் இருக்க வேண்டும் என்றில்லை, செயலும் இருக்கலாம். கட்டணம் கணக்கிடும் மெத்தடுள்ள ஓர் இன்டர்ஃபேஸ் எழுதி, மாணவர், முதியவர், பொது என்று ஆளுக்கொரு கிளாஸில் அதைச் செயல்படுத்தி, பயணி வகையைக் கீயாக வைத்து மேப்பில் போட்டுவிடலாம். வகையைக் கொடுத்து ஆப்ஜெக்டை எடுத்து மெத்தடைக் கூப்பிட்டால் போதும். புதிய வகை வந்தால் ஒரு கிளாஸும் ஒரு புட்டும். பயணி வகையை ஈனமாக வைத்தால் ஈனம்மேப் பயன்படுத்துங்கள், அது உள்ளே சாதாரண அர்ரேதான், வேகமானது, ஈனத்தில் எழுதிய வரிசையிலேயே வரும். மூன்று கிளைகள்தான், இனி அதிகமாகாது என்றால் ஸ்விட்ச் போதும்.

இன்டர்வியூல ஹேஷ்டேபிள், ஹேஷ்மேப் வித்தியாசம் கேட்டா?

ஹேஷ்டேபிள் ஜாவா 1.0 காலத்தது, ஹேஷ்மேப் 1998இல் ஜாவா 1.2உடன் வந்தது. ஹேஷ்டேபிளின் மெத்தடுகள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) மட்டும் நுழையும்படி பூட்டு போட்டவை, நல்லை ஏற்காது. புதிய நிரலில் அதற்கு இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பல த்ரெட் ஒரே மேப்ல எழுதினா கான்கரன்ட்ஹேஷ்மேப் போட்டா போதும்தானே?

பாதி வேலைதான் முடியும். ஒவ்வொரு கெட்டும் ஒவ்வொரு புட்டும் தனித்தனியே பாதுகாப்பு. ஆனால் கெட் செய்து, ஒன்று கூட்டி, புட் செய்வது மூன்று வேலை. இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் 5 என்று படித்து, இரண்டும் 6 என்று எழுதினால் ஒரு கூடை கணக்கில் காணாமல் போகும். புட் பற்றிய பதிலில் சொன்ன மெர்ஜ் இங்கே தவிர்க்க முடியாதது. கான்கரன்ட்ஹேஷ்மேப்பில் அது ஒரே மூச்சில் நடக்கும், நடுவில் வேறு த்ரெட் நுழையாது. கம்ப்யூட்இஃப்ஆப்சென்டும் அப்படியே. நல் இங்கே கீயாகவும் கூடாது, வேல்யூவாகவும் கூடாது.

தேடுனதையே திரும்பத் தேடாம இருக்க மேப்ல சேத்து வெச்சேன். மெமரி ஏறிக்கிட்டே போகுது.

மேப்பில் போட்டது, நீங்கள் நீக்கும்வரை அங்கேயே இருக்கும். மேப் உயிரோடு இருக்கும்வரை, தேவையற்ற நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் ஜாவாவின் 'குப்பை அகற்றி' அதைத் தொடாது. அளவுக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். லிங்க்ட்ஹேஷ்மேப்பை நீட்டித்து ஒரு கிளாஸ் எழுதி, ரிமூவ்எல்டஸ்ட்என்ட்ரி என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்து, சைஸ் நூறைத் தாண்டினால் ட்ரூ என்று திருப்பிவிடுங்கள். புதியது வரும்போதெல்லாம் பழையது ஒன்று தானாகப் போகும். கன்ஸ்ட்ரக்டரின் மூன்றாவது அளவுருவை ட்ரூ என்று கொடுத்தால், போட்ட வரிசைக்குப் பதிலாகக் கடைசியாகத் தொட்ட வரிசையை வைத்துக்கொள்ளும். அப்போது அடிக்கடி கேட்கப்படுவது தங்கும், நெடுநாள் கேட்கப்படாதது வெளியேறும். இந்த அமைப்பில் கெட்கூட உள் வரிசையை மாற்றுகிறது. அதனால் மேப்பைச் சுற்றிவரும் லூப்புக்குள் இன்னொரு கெட் போட்டாலே, ரிமூவ் கேள்வியில் பார்த்த அதே எக்செப்ஷன் வரலாம்.